கண்ணீர் பாட்டாகும்போது



நயினாதீவுக்கு வரும் செய்தி எதுவும் கடலைக் கடந்தே வரவேண்டும் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து வள்ளம் வந்தால்தான் நல்லது கெட்டது தெரியும். இன்று அப்படியில்லை. ரொறன்ரோவில் ஒரு மகன் இறந்தால், அந்தச் செய்தி அடுத்த நிமிடமே தாயின் கைத்தொலைபேசிக்கு வந்துவிடுகிறது. அடக்கச் சடங்கையும் அவள் திரையிலே பார்க்கிறாள். செய்தியின் வேகம் கூடிவிட்டது. துக்கம் ஆறும் வேகமோ அன்றுபோலவே இன்றும் இருக்கிறது.

அந்தத் துக்கத்தை என்ன செய்வது? செத்தவீட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மூன்று ஆறுதல்களைச் சொல்கிறார்கள். "அழாதே பிள்ளை, எல்லாம் தேவசித்தம்" என்பது ஒன்று. "நீயே உடைந்து போனால் மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது?" என்பது இன்னொன்று. "காலம் எல்லாவற்றையும் ஆற்றும்" என்பது மூன்றாவது. மூன்றும் அன்போடு சொல்லப்படுபவைதாம். ஆனால் மூன்றும் சேர்ந்து துயரப்படுகிறவரின் வாயை மூடிவிடுவதையும் நாம் கவனிக்க வேண்டும். மூடிய வாய்க்குள் துக்கம் எவ்வளவு காலம் அடங்கியிருக்கும்?

துயரைப் பாட்டாக்குவது வேறொரு வழி. இந்தப் பாடத்தில் அதைப் பற்றிச் சிந்திப்போம். உலகப் புகழ்பெற்ற இசைக்கலைஞர் ஒருவரின் வீட்டில் நேர்ந்த கொடுந்துயரை முதலில் பார்ப்போம். பிறகு நம் தமிழ் இசைக் குடும்பம் ஒன்றின் துயரைப் பார்ப்போம். இறுதியாக நம் தீவகம் நெடுங்காலமாக அறிந்திருந்த வழிக்குத் திரும்புவோம்.

1. ஐம்பத்து மூன்றாம் மாடி

எரிக் கிளப்ரன் 1945இல் இங்கிலாந்தின் ரிப்ளி என்னும் கிராமத்தில் பிறந்தவர். மின்கிற்றார் வாசிப்பதில் அவருக்கு நிகர் சிலரே என்று சொல்லப்படுபவர். 1960களிலேயே றொக் இசை உலகில் பெரும் நட்சத்திரமாகிவிட்டார். புகழோடு போதைப்பொருளும் வந்தது, அதற்குப் பின் மதுவும் வந்தது. பல ஆண்டுகள் அவற்றுக்கு அடிமைப்பட்டுக் கிடந்த அவர், 1987இல் மதுவை அடியோடு விட்டார். அதற்கு முந்திய ஆண்டில் அவருக்கு ஒரு மகன் பிறந்திருந்தான். பெயர் கொனர். பிள்ளைக்காகவாவது தெளிந்த மனிதனாக வாழவேண்டும் என்று அவர் விரும்பினார்.

1991ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆம் திகதி. நியூயோர்க் நகரின் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில், 53ஆம் மாடியில், தாயோடு இருந்தான் கொனர். வயது நான்கு. முதல்நாள்தான் தகப்பன் அவனைச் சர்க்கஸ் காட்சிக்குக் கூட்டிச் சென்றிருந்தார். மறுநாளும் வெளியே கூட்டிப்போவதாக இருந்தது. யன்னலைத் துப்புரவு செய்தவர் அதைத் திறந்தபடி விட்டிருந்தார். ஓடி விளையாடிய பிள்ளை அந்த யன்னலால் கீழே விழுந்து இறந்தான். தகப்பன் அவனைக் கூட்டிச் செல்ல வர ஆயத்தமாகிக் கொண்டிருந்த நேரம் அது.

பிள்ளையின் உடலை ரிப்ளிக் கிராமத்துக் கோவில் வளவில் அடக்கம் செய்தார்கள். இத்தகைய அடி விழுந்தபின் கிளப்ரன் மீண்டும் போத்தலைத் தேடிப் போவார் என்றே பலரும் அஞ்சியிருப்பார்கள். அவர் போகவில்லை. மேடையை விட்டு ஒதுங்கினார். பேரோசை எழுப்பும் மின்கிற்றாரை ஒருபுறம் வைத்துவிட்டு, சிறிய ஸ்பானியக் கிற்றார் ஒன்றை எடுத்துத் தனிமையில் மெல்ல மெல்ல வாசித்துக்கொண்டிருந்தார். அந்த வாசிப்பே தமக்கு மருந்தாயிற்று என்று பின்னாளில் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார்.

2. பாட்டு எப்படிப் பிறந்தது?

அக்காலத்தில் 'ரஷ்' என்னும் திரைப்படத்துக்கு இசையமைக்கும் வேலை அவரிடம் வந்தது. லிலி சனுக் என்ற அம்மையார் இயக்கிய படம் அது. அதற்காகப் பாடலாசிரியர் வில் ஜெனிங்ஸோடு சேர்ந்து வேலை செய்தார். மகனைப் பற்றிய ஒரு பாடலின் முதல் அடிகள் அவரிடம் இருந்தன. மீதியை எழுதித் தரும்படி ஜெனிங்ஸிடம் கேட்டார். ஜெனிங்ஸ் தயங்கினார். "இது உங்கள் சொந்தத் துயரம், நீங்களே எழுதுவதுதான் பொருத்தம்" என்ற கருத்தில் அவர் மறுத்துப் பார்த்தார். கிளப்ரன் விடவில்லை. இருவருமாக எழுதி முடித்தார்கள்.

பாட்டை வெளியிடுவதா என்ற தயக்கம் கிளப்ரனுக்கும் இருந்தது. அது தமக்காகச் செய்த பாட்டு. இதே துயரிலிருக்கும் யாருக்காவது இது உதவக்கூடும் என்று லிலி சனுக் எடுத்துச் சொன்ன பிறகே அவர் இசைந்தார். 'ரியர்ஸ் இன் ஹெவன்', அதாவது 'விண்ணுலகில் கண்ணீர்' என்ற அந்தப் பாடல், 1992 ஜனவரியில் தனித்தட்டாக வெளிவந்தது. பிள்ளை இறந்து ஏறக்குறைய பத்து மாதங்கள் ஆகியிருந்தன. அமெரிக்கப் பில்போர்ட் பட்டியலில் அது இரண்டாம் இடம்வரை ஏறியது. அதே மாதத்தில், சிறு கூட்டத்தின் முன், மின்கிற்றார் இல்லாமல் அவர் பாடிய நிகழ்ச்சி ஒலிப்பதிவு செய்யப்பட்டது. 'அன்பிளக்ட்' என்ற பெயரில் அந்த இசைத்தட்டு 1992 ஓகஸ்ட்டில் வெளிவந்து பல இலட்சக்கணக்கில் விற்றது. 1993இல் நடந்த கிராமி விழாவில் கிளப்ரன் ஆறு விருதுகள் பெற்றார். அவற்றுள் மூன்று இந்தப் பாடலுக்கு உரியவை.

பரிசுகளை விட்டுவிட்டுப் பாட்டைப் பாருங்கள். அதில் ஓலமில்லை, கடவுளோடு சண்டையில்லை, யார்மீதும் பழியில்லை. மறுவுலகில் பிள்ளையைக் கண்டால் எப்படியிருக்கும் என்று ஒரு தகப்பன் தாழ்ந்த குரலில் கேட்கிறார். கேள்விகளுக்குப் பதில் கிடைப்பதில்லை. தாம் இன்னும் இவ்வுலகில்தான் வாழவேண்டும், தொடர்ந்து நடக்கவேண்டும் என்பதை மட்டும் தமக்குத்தாமே சொல்லிக்கொள்கிறார். பிள்ளையைப் பறிகொடுத்த எந்தத் தகப்பனுக்கும், அவர் ஆங்கிலம் அறியாதவராயினும், இதன் பொருள் புரியும்.

3. பாட்டுக்கு அந்த வலு எங்கிருந்து வருகிறது?

துயரம் வந்த புதிதில் மனிதனிடம் சொற்கள் இருப்பதில்லை. எண்ணங்கள் சிதறுகின்றன. ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. "அந்த யன்னலைச் சாத்தியிருந்தால்...", "அன்று அவனைத் தடுத்திருந்தால்..." என்று மனம் சுற்றிச் சுற்றி ஓரிடத்திலேயே நிற்கிறது.

பாட்டுக்கு ஒரு தொடக்கம் உண்டு, முடிவும் உண்டு. சிதறிய எண்ணத்தைப் பாட்டு ஒரு வரிசையில் கொண்டுவந்து வைக்கிறது. பாடுகிறவர் மூச்சை அளந்து விடவேண்டும். விம்மலால் குலைந்த மூச்சு அந்த அளவுக்குள் வந்து மெல்லச் சீராகிறது. அத்தோடு, பாட்டை மற்றவரும் பாடலாம். என் துயரம் என் வாயிலிருந்து அயலவர் வாய்க்குப் போகிறது. அவர் அதைப் பாடும்போது என் சுமையின் ஒரு முனையைத் தூக்குகிறார்.

வேதாகமத்தில் புலம்பல் ஆகமத்தைத் திறந்து பாருங்கள். எருசலேம் நகரம் அழிந்த துயரத்தைப் பாடும் நூல் அது. அதன் ஐந்து அதிகாரங்களில் முதல் நான்கும் எபிரேய அரிச்சுவடியின் 22 எழுத்துக்களின் வரிசையில், ஒவ்வோர் எழுத்தாகத் தொடங்கிச் செல்லும்படி இயற்றப்பட்டுள்ளன. ஊர் எரிந்து, உறவினர் மடிந்து, எல்லாம் குலைந்த வேளையில் அந்தக் கவிஞர் எழுத்து வரிசையைப் பற்றிப்பிடித்தார். கைப்பிடி இருந்தால்தான் இருட்டில் படியிறங்கலாம். 150 சங்கீதங்களிலும் ஏறக்குறைய மூன்றிலொன்று முறையீடும் அழுகையுமாகவே அமைந்தவை. அழுவது விசுவாசக் குறைவு என்று சொல்வோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

4. டுவொர்சாக்கும் வியாகுல மாதாவும்

இதே வழியில் நடந்த இன்னொரு தகப்பனையும் இங்கே நினைப்பது தகும். செக் நாட்டு இசையமைப்பாளர் அன்ரனின் டுவொர்சாக். 1875இல் அவருக்குப் பிறந்த பெண்குழந்தை இரண்டே நாட்களில் இறந்தது. மறு ஆண்டு, சிலுவையடியில் நின்ற தாயைப் பாடும் 'ஸ்ராபாற் மாற்றர்' என்னும் இலத்தீன் பாடலுக்கு இசையமைக்கத் தொடங்கினார். அதை முடிக்காமல் ஒதுக்கி வைத்தார். 1877 ஓகஸ்ட்டில் அவருடைய அடுத்த மகள், ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை, நச்சு மருந்து உட்பட்டு இறந்தாள். அடுத்த மாதம் மூன்று வயது மகனை அம்மைநோய் கொண்டுபோயிற்று. வீட்டில் ஒரு பிள்ளையும் மிஞ்சவில்லை.

அப்பொழுதுதான் அவர் ஒதுக்கி வைத்த ஏடுகளை மீண்டும் எடுத்தார். அவ்வாண்டு நவம்பரில் இசை முழுமையாயிற்று. 1880 டிசம்பரில் பிராக் நகரில் முதன்முதலாக அரங்கேறியது. பின்னர் லண்டன் மாநகரிலும் ஒலித்து அவர் பெயரைப் பெரும் உலகம் அறியச் செய்தது. இறந்த மூன்று பிள்ளைகளின் பெயர் அந்த இசையில் எங்கும் வருவதில்லை. தம் மனைவியின் துயரத்தையும் தம் துயரத்தையும் அவர் வேறொரு தாயின் துயரத்துக்குள் வைத்துவிட்டார். தபசு காலத்தில் சிலுவைப்பாதை செய்யும்போது நம் வீட்டுப் பெண்கள் பலர் செய்வதும் இதுதான். மாதாவுக்காக அழும் அழுகையில் தங்கள் பிள்ளைக்கான அழுகையும் கலந்திருக்கிறது.

5. நம் பாடகியின் குரல்

இப்போது நம் தமிழ் உலகுக்கு வருவோம். இளையராஜாவின் மகள் பவதாரிணியின் குரலை அறியாத தமிழ் வீடு குறைவு. 2000ஆம் ஆண்டில் வந்த 'பாரதி' படத்தில் தந்தையின் இசையில் அவர் பாடிய 'மயில் போல பொண்ணு ஒண்ணு' என்ற பாடலுக்கு இந்தியாவின் தேசிய விருது கிடைத்தது. குழந்தைக் குரல் மாறாத ஒரு மென்மை அவருடையது. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற இலங்கைக்கு வந்திருந்தவர், 2024 ஜனவரி 25ஆம் திகதி கொழும்பில் காலமானார். வயது 47. தேனி மாவட்டத்தில் தாயாரும் பாட்டியாரும் துயிலும் இடத்துக்கு அருகே அவரை அடக்கம் செய்தார்கள்.

அவருடைய தம்பி யுவன் சங்கர் ராஜா அப்பொழுது பெங்களூரில், விஜய் நடித்த 'கோட்' படத்துக்கான ஒரு மெட்டை அமைத்துக்கொண்டிருந்தார். படத்தின் இயக்குநர் வெங்கட் பிரபுவும் அந்தக் குடும்பத்தவரே. இந்தப் பாட்டு அக்காவுக்கே உரியது, அக்கா சுகமானதும் அவரைக் கொண்டே பாடுவிக்கவேண்டும் என்று இருவரும் எண்ணினார்கள். ஒரு மணி நேரத்தில் அக்கா இல்லை என்ற செய்தி வந்தது. இதை யுவனே பின்னர் பகிரங்கமாகச் சொன்னார். கபிலன் வைரமுத்து எழுதிய 'சின்னச் சின்னக் கண்கள்' என்ற அந்தப் பாடல், 2024 யூன் 22ஆம் திகதி வெளிவந்தது. விஜயோடு சேர்ந்து ஒலிக்கும் பெண்குரல் பவதாரிணியுடையது. செயற்கை நுண்ணறிவு என்னும் கணினி முறையால் மீண்டும் உருவாக்கப்பட்ட குரல் அது.

பாடகி சித்ராவையும் மறக்கமுடியாது. நெடுங்காலம் காத்திருந்து பெற்ற ஒரே மகளை, எட்டு வயதுப் பிள்ளையை, 2011 ஏப்ரலில் துபாயில் நீச்சல் தடாகத்தில் பறிகொடுத்தார். பாட்டை விட்டுச் சிலகாலம் ஒதுங்கியிருந்தார். பிறகு மீண்டு வந்தார். இன்றும் மேடையில் அவர் முகத்தில் அந்தப் புன்னகையைக் காண்கிறோம். அதன் விலை எவ்வளவு என்பதை அவர் மட்டுமே அறிவார்.

6. இயந்திரம் பாடலாமா?

இறந்தவரின் குரலை இயந்திரத்தால் எழுப்புவது சரியா என்ற கேள்வி உங்களுள் பலருக்கு எழும். அது நியாயமான கேள்வி. 2024 தொடக்கத்தில் 'லால் சலாம்' படத்துக்காக ஏ. ஆர். ரகுமான், காலஞ்சென்ற சாகுல் ஹமீது, பம்பா பாக்கியா ஆகிய இரு பாடகரின் குரல்களை இவ்வாறு மீட்டெடுத்தபோதும் இது எழுந்தது. குடும்பத்தாரின் அனுமதி பெற்று, அவர்களுக்குரிய ஊதியமும் கொடுத்ததாக ரகுமான் தெரிவித்தார்.

இதில் நாம் பிரித்தறிய வேண்டியவை மூன்று. முதலாவது, உரிமை. குரல் ஒருவரின் சொத்து. அவர் இல்லாதபோது அவருடைய குடும்பத்தார் காக்கவேண்டிய சொத்து. இரண்டாவது, நோக்கம். அக்காவுக்கென்று வைத்திருந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுக்க மனம் வராத தம்பியின் செயலும், விற்பனைக்காக ஒருவர் பெயரைச் சுரண்டுவதும் ஒன்றல்ல. மூன்றாவது, உண்மை. இது அவர் பாடியதல்ல, அவர் குரலின் சாயல் என்பதைக் கேட்போருக்கு மறைக்காமல் சொல்லவேண்டும்.

இது சினிமாக்காரரின் பிரச்சினை மட்டுமல்ல. பிறநாட்டில் இறந்த மகன் அனுப்பிய குரற்செய்திகளைத் தொலைபேசியில் சேமித்து வைத்து இரவில் கேட்கும் தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள். கேட்கட்டும். அதைத் தடுக்க நாம் யார்? ஆனால் அவன் ஒருபோதும் சொல்லாத சொற்களை அவன் குரலில் இயந்திரம் சொல்ல வைப்பது வேறு. உண்மையாய் இருந்த பிள்ளையை நினைப்பதில் ஆறுதல் உண்டு. இல்லாத பிள்ளையைப் புதிதாகச் செய்துகொள்வதில் ஏமாற்றமே மிஞ்சும்.

7. தீவகம் அறிந்த வழி

எரிக் கிளப்ரனும் டுவொர்சாக்கும் கண்ட வழி நமக்குப் புதிதல்ல. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் மணிபல்லவம் நம் நயினாதீவே என்பது அறிஞர் பலரின் கருத்து. அந்தத் தீவில் மணிமேகலை முதன்முதல் கண்விழிக்கும் பகுதிக்குப் புலவர் இட்ட பெயரைக் கவனியுங்கள்: 'மணிபல்லவத்துத் துயருற்ற காதை'. துணையில்லாத கடற்கரையில் நின்று, மதுரையில் வெட்டுண்டு மாண்ட தன் தந்தை கோவலனை நினைத்து அவள் வாய்விட்டு அழுகிறாள். ஆக, இலக்கியத்தில் நம் தீவின் முதற்காட்சி தகப்பனை இழந்த ஒரு மகளின் அழுகை. அதே தீவில்தான் பிறகு அவள் அமுதசுரபியைப் பெறுகிறாள். அழுதவள் கையில் ஊருக்குச் சோறிடும் பாத்திரம் வந்து சேர்கிறது. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அழுகை, பின்னர் பாத்திரம்.

நம் ஆச்சிமார் ஒப்பாரி வைப்பார்கள். ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு வட்டமாக இருந்து, ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் தொடர்வார்கள். இறந்தவர் என்ன உறவு, என்ன செய்தார், என்ன ஆசையோடு போனார் என்பதெல்லாம் அதில் வரும். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணும் அந்த ஒருநாள் கவிஞராவாள். "நாகரிகமில்லை" என்று சொல்லி அதை நாம் வெகுவாகக் குறைத்துவிட்டோம். அதன் இடத்தில் வாடகை ஒலிபெருக்கியைத் தவிர வேறு என்ன வைத்தோம்?

கல்வெட்டு என்றொரு வழக்கமும் நம் பகுதியில் உண்டு. 31ஆம் நாளில் வெளியிடும் நினைவு மலர் அது. சைவக் குடும்பங்களில் அந்தியேட்டியன்று வெளியிடுவார்கள். கத்தோலிக்கக் குடும்பங்களிலும் 31ஆம் நாள் பூசையை ஒட்டி மலர் வெளியிடும் வழக்கம் உண்டு. மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று ஒவ்வோர் உறவுக்கும் தனித்தனி இடம் அதில் இருக்கும். வரகவி நாகமணிப் புலவரைத் தந்த நயினாதீவில் பாட்டுக் கட்டுவோருக்குப் பஞ்சமில்லை. அவர்கள் துக்க வீட்டுக்கு வந்து, இறந்தவர் பிறந்தது, படித்தது, தொழில் பார்த்தது, கலியாணம் செய்தது, நோயுற்றது எல்லாவற்றையும் கேட்பார்கள். வீட்டார் அழுதழுது சொல்லுவார்கள். அந்தச் சொல்லலே பாதி ஆறுதல். வில் ஜெனிங்ஸ் எரிக் கிளப்ரனுக்குச் செய்த பணியும் இதுவே அல்லவா?

நம் கோவில்களும் இதை அறிந்திருந்தன. ஒல்லாந்தர் காலத்தில் இலங்கையில் மறைந்து திரிந்து பணிசெய்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி (1676–1742) இயற்றிய வியாகுலப் பிரசங்கத்தைத் தபசு காலத்தில் ஊரே கூடியிருந்து கேட்பது நெடுங்கால வழக்கம். பசாம் பாடுகிறபோது குரல் தழுதழுக்காத அண்ணாவிமார் இல்லை. பெரிய வெள்ளிக்கிழமை ஊர் முழுவதும் ஒன்றாக அழப் பழகியதால், தன் வீட்டுச் சாவில் தனியே அழவேண்டிய நிலை யாருக்கும் வரவில்லை.

ஊரே சேர்ந்து சுமக்கவேண்டிய துயரமும் நமக்கு உண்டு. 1985 மே 15ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகில் பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் கடலிலே வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்நாளில் நெடுந்தீவு மக்கள் கூடி அவர்களை நினைவுகூருகிறார்கள். மாண்டவர்களின் பெயரை வாய்விட்டுச் சொல்வதும் ஒரு பாட்டே. பெயர் சொல்லப்படாத சாவு ஆறுவதில்லை.

8. பாட்டு முடிந்த பின்

பாட்டால் மட்டும் எல்லாம் நிறைவேறிவிடுமா? இல்லை. கிளப்ரன் பாடிவிட்டுப் போய்விடவில்லை. யன்னல்களுக்கும் படிக்கட்டுகளுக்கும் பிள்ளைகளைக் காக்கும் தடுப்பு இடும்படி பெற்றோரைக் கேட்டுக்கொள்ளும் பொது அறிவித்தல்களில் தோன்றிப் பேசினார். 1998இல் அன்ரிகுவாத் தீவில், மதுவுக்கும் போதைக்கும் அடிமையானவர்களை மீட்கும் நிலையம் ஒன்றை நிறுவினார். அவருடைய அமுதசுரபி அது.

நம் தீவுகளில் ஐம்பத்து மூன்று மாடிக் கட்டடம் இல்லை. கிணறு உண்டு, கடல் உண்டு. உங்கள் வளவிலுள்ள கிணற்றுக்கட்டு ஒரு சிறு பிள்ளையின் நெஞ்சளவுக்காவது உயர்ந்திருக்கிறதா? கைவிடப்பட்ட பக்கத்து வளவுக் கிணறு மூடப்பட்டிருக்கிறதா? வள்ளத்தில் ஏறும்போது பிள்ளைக்கு உயிர்காப்பு அங்கி போடுகிறீர்களா? "கால்மணி நேரப் பயணம்தானே" என்று விட்டுவிடுகிறீர்களா? நேற்று ஒரு வீட்டில் விழுந்த கண்ணீர், நாளை இன்னொரு வீட்டில் விழாமல் செய்யவேண்டும். இறந்த பிள்ளைக்கு நாம் செய்யக்கூடிய சிறந்த நினைவு அது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2004ஆம் ஆண்டில் கிளப்ரன் அந்தப் பாட்டை மேடையில் பாடுவதை நிறுத்தினார். அதை எழுதியபோது இருந்த இழப்புணர்வு இப்போது தம்மிடம் இல்லை, அந்த உணர்வில்லாமல் பாடுவது பொருந்தாது என்பது அவர் சொன்ன காரணம். பல ஆண்டுகளின் பின்னரே மறுபடி பாடினார். துக்கம் தணிவது இறந்தவருக்குச் செய்யும் துரோகமென்று எண்ணிப் பல ஆண்டு தம்மையே வருத்திக்கொள்வோர் நம்மிடையே உண்டு. கணவன் இறந்து பல வருடமான பின்னும் ஒரு பெண் சிரித்தால் புறம்பேசும் அயலும் உண்டு. பாட்டு தன் வேலையைச் செய்து முடித்தால் அதை இறக்கி வைக்கலாம். அன்பு அதனால் குறைவதில்லை.

9. நம் வீடுகளில்

எனவே துக்க வீட்டில் நாம் நடந்துகொள்ளவேண்டிய முறைகள் சிலவற்றை மனத்திற் கொள்வோம்.

அழுகிறவரை அழவிடுங்கள். "தேவசித்தம்" என்ற சொல்லைச் சற்றுப் பொறுத்துச் சொல்லுங்கள். முதல் நாளில் அருகே இருந்து கையைப் பிடித்தாலே போதும்.

ஆண்களையும் பிள்ளைகளையும் மறவாதீர்கள். "ஆம்பிளை அழலாமா?" என்று கேட்டுத் தகப்பன்மாரைக் கல்லாக்கி விடுகிறோம். கல்லானவர் பலர் கடைசியில் போத்தலில்தான் கரைகிறார்கள். தம்பி தங்கையை இழந்த சிறு பிள்ளையை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அதன் துக்கமும் போய்விடும் என்று எண்ணாதீர்கள். அதன் கையில் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்துப் பாருங்கள்.

31ஆம் நாள் மலரைக் கடைக்காரரிடமுள்ள பழைய செய்யுளில் பெயரை மட்டும் மாற்றி அச்சிடாதீர்கள். ஒவ்வோர் உறவினரும் ஒரு நினைவையாவது தம் சொல்லில் சொல்லட்டும். பிறநாட்டிலுள்ள பிள்ளைகளும் எழுதி அனுப்பட்டும். அடக்கத்துக்கு வரமுடியாமற் போனவர்களின் நெஞ்சிலுள்ள பாரத்துக்கு அது ஒரு வாசல்.

வயதான ஆச்சி ஒருவர் ஒப்பாரி அறிந்திருந்தால், அவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள், ஒலிப்பதிவும் செய்யுங்கள். அது அந்தக் குடும்பத்தின் வரலாறு.

நாட்கள் மாதங்களாகியும் ஒருவர் உண்ணாமல், உறங்காமல், வாழ்வை வெறுத்துப் பேசினால், பாட்டும் ஆறுதல் சொல்லும் போதா. அவரைத் தனியே விடாமல் வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

குடும்பமாகச் சிந்திக்க:

(அ) நம் வீட்டில் இறந்தவர்களுள், பெயரைச் சொல்லவே நாம் தயங்குகிறவர் யாராவது உண்டா? ஏன் தயங்குகிறோம்?

(ஆ) அவருக்குப் பிடித்த பாட்டு எது? அதை இன்று இரவு செபமாலைக்குப் பின் எல்லோருமாகப் பாடமுடியுமா?

(இ) நம் அயலில் அண்மையில் துயருற்ற வீடு எது? அங்கே நாம் போய் எத்தனை நாளாயிற்று?

(ஈ) இன்னொரு குடும்பம் அத்துயரை அடையாதபடி நாம் செய்யக்கூடிய ஒரு காரியம் எது? கிணற்றுக்கட்டா, வள்ளத்து அங்கியா, வேறெதுவுமா?

இந்த நான்கு கேள்விகளையும் ஒரே இரவில் முடிக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் முதலில் பேசாமல் பிள்ளைகளைப் பேசவிடுங்கள். நாம் மறந்துவிட்டதாக நினைக்கும் பலவற்றை அவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.